மண்புழு உரமா, தொழு உரமா, ஆட்டெருவா, புண்ணாக்கா? எந்தச் செடிக்கு எது என்று ஒரு கணக்கு

மாடித் தோட்டத்துக்குப் பையும் விதையும் வாங்கியாயிற்று. இனி பையில் என்ன போட்டு நிரப்புவது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். உரக்கடைக்காரர் மண்புழு உரத்தை எடுத்து நீட்டுவார். ஊரில் மாடு வைத்திருக்கும் சொந்தக்காரர் சாணி எருவுக்கு மிஞ்சி எதுவும் கிடையாது என்பார். ஆட்டுப்புழுக்கையில்தான் சத்து என்று ஒருவர். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து ஊற்றிப் பாருங்கள் என்று இன்னொருவர். நாலு பேர் சொல்வதிலும் பொய் இல்லை. நாலும் ஒரே வேலையைச் செய்யும் என்று நினைத்துக்கொண்டு வாங்குவதில்தான் காசும் வீணாகிறது, செடியும் வாடுகிறது.

மண்புழு உரம் வேருக்கு இடம் பண்ணிக் கொடுக்கும் பொருள். தொழு உரம், அதாவது மக்கிய மாட்டுச் சாணி எரு, நிலத்துக்கு உடம்பு கொடுப்பது. ஆட்டெருவும் புண்ணாக்கும் பசிக்குச் சோறு. இந்தப் பிரிவை மனதில் வைத்துக்கொண்டால் எதை எங்கே, எவ்வளவு என்பது தானாகத் தெளிந்துவிடும்.

முதலில் சத்துக் கணக்கு

தமிழ்நாட்டில் வேளாண்மைக் கையேடுகள் காலகாலமாகத் தரும் அளவுகள் இவை. தொழு உரத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) 0.5 சதவீதம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 0.2, சாம்பல்சத்து (பொட்டாஷ்) 0.5. ஆட்டெருவில் முறையே 3, 1, 2. கோழி எருவில் தழைச்சத்து சுமார் 3, மணிச்சத்து 2.6, சாம்பல்சத்து 1.4. வேப்பம் புண்ணாக்கில் 5.2, 1, 1.4. கடலைப் புண்ணாக்கில் 7.3, 1.5, 1.3. மண்புழு உரத்துக்கு 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை வகுத்த குறைந்தபட்ச அளவு தழைச்சத்து 1 சதவீதம், மணிச்சத்து 0.8, சாம்பல்சத்து 0.8.

இதை ஒரு கிலோவுக்கு மாற்றிப் பாருங்கள். ஒரு கிலோ கடலைப் புண்ணாக்கில் 73 கிராம் தழைச்சத்து இருக்கிறது. அதே 73 கிராமுக்கு மண்புழு உரம் 7 கிலோவுக்கு மேல் வேண்டும், தொழு உரம் 15 கிலோ அளவுக்கு வேண்டும். உங்கள் ஊரில் ஒரு கிலோ என்ன விலையோ அதை, அதிலுள்ள தழைச்சத்தின் கிராம் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு கிராம் தழைச்சத்துக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். கடையில் சிறு பையில் அடைத்து விற்கும் மண்புழு உரம் இந்தக் கணக்கில் ஏறக்குறைய எப்போதும் தோற்கும். செடிக்குச் சோறு போடுவதற்காக மண்புழு உரம் வாங்குவது, பசிக்கு ஏலக்காய் வாங்குவது மாதிரி.

அப்படியானால் எதற்கு வாங்க வேண்டும்? சத்துப் பட்டியலில் வராத வேலைகளுக்காக.

புழு விழுங்கும் பொருள் அதன் அரைவைப்பையில் மணலோடு சேர்ந்து அரைபடுகிறது. குடலில் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. எச்சமாக வெளியே வரும்போது ஒவ்வொரு உருண்டையும் மெல்லிய பசையால் கட்டப்பட்டு, ரவையைவிடச் சற்றுப் பெரிய குருணையாக இருக்கிறது. உருண்டைக்குள் தண்ணீர் நிற்கும், உருண்டைகளுக்கு நடுவே காற்று நிற்கும். தொட்டி மண்ணில் இந்த இரண்டையும் சேர்த்து வைத்திருப்பதுதான் பெரிய பாடு. நன்கு முதிர்ந்த எச்சத்தில் தழைச்சத்தின் கரையும் பங்கு பெரும்பாலும், செடி நேராக எடுத்துக்கொள்ளும் நைட்ரேட்டாக மாறியிருக்கும். அம்மோனியா காட்டம் கிடையாது, சூடு கிடையாது. இரண்டு இலை விட்ட கத்தரி நாற்றின் வேரில் நேராகப் பட்டாலும் கருகாது. ஆட்டெருவுக்கும் கோழி எருவுக்கும் இந்த உறுதியைக் கொடுக்க முடியாது.

இதில் முக்கியமான ஆராய்ச்சி அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிளைவ் எட்வர்ட்ஸ், நார்மன் அரன்கான் குழுவினர் செய்தது. பசுமைக்குடிலில் எல்லாத் தொட்டிக்கும் தேவையான சத்தைத் தனியாகக் கொடுத்துவிட்டு, நடவுக் கலவையில் மண்புழு உரத்தின் பங்கை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். சத்தில் குறை இல்லாத நிலையிலும் மண்புழு உரம் கலந்த தொட்டிகளில் வளர்ச்சி கூடியது. கலவையில் 10 முதல் 40 சதவீதம் இருந்தபோதுதான் பலன் அதிகம். அதற்கு மேல் போட்டதில் கூடுதல் பலன் இல்லை, சில சமயம் வளர்ச்சி குறைந்தது. எச்சத்திலுள்ள, மக்கும்போது உருவாகும் ஹியூமிக் அமிலங்களும், வளர்ச்சி ஊக்கிகளைப் போல வேலை செய்யும் பொருள்களும் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. தோட்டக்காரருக்கு இதிலிருந்து இரண்டு செய்தி. கொஞ்சம் போட்டாலே போதும். நிறையப் போட்டால் கெடும்.

பை நிரப்பும் கணக்கு

ஒரு அடி விட்டம், ஒரு அடி உயரமுள்ள வட்டப் பையை மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினால் சுமார் 18 லிட்டர் கலவை பிடிக்கும். செம்மண் 7 லிட்டர், கழுவிய தென்னை நார்க்கழிவு 7 லிட்டர், மண்புழு உரம் மூன்றரை லிட்டர், வேப்பம் புண்ணாக்கு 50 கிராம். மூன்றரை லிட்டர் என்பது எடையில் இரண்டரை முதல் மூன்று கிலோ. இது 20 சதவீதம், தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

நார்க்கழிவைக் கழுவச் சொல்வது சம்பிரதாயத்துக்கு இல்லை. கட்டியாக வரும் நார்க்கழிவில் உப்பு இருக்கும். மண்புழு உரத்திலும் கரையும் உப்பு உண்டு. இரண்டும் சேர்ந்து, மேலே ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரும் ஊற்றினால், இலை ஓரம் தீய்ந்து காய ஆரம்பிக்கும். நோய் என்று மருந்து அடித்துக்கொண்டிருப்பார்கள். கட்டியை ஊறவைத்துப் பிழிந்து, தண்ணீர் மாற்றி, மறுபடி ஊறவைத்துப் பிழிந்து, வடியும் தண்ணீரில் டீ நிறம் குறையும்வரை செய்யுங்கள்.

பாதிக்குப் பாதி மண்புழு உரம் போட்டு நிரப்பிய பை முதல் மாதம் கண்ணுக்கு நன்றாக இருக்கும். பிறகு குருணைகள் உடைந்து, களிமாதிரி ஒன்றோடொன்று ஒட்டி, நடுப்பையில் தண்ணீர் வடியாமல் நிற்கும். மேல் மண் காய்ந்திருப்பதைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுவோம், கீழே வேர் அழுகிக்கொண்டிருக்கும். இலை தொங்குவது தண்ணீர்க் குறைவால் என்று நினைத்து மறுபடி ஊற்றுவோம். அப்படிப்பட்ட பையைக் கவிழ்த்துப் பார்த்தால் அடி மூன்று அங்குலம் சாக்கடை வாசம் வரும்.

நாற்றுத் தட்டுக்கு நார்க்கழிவு 3 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு. முதலில் 4 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்துக்கொள்ள வேண்டும். சலிக்காவிட்டால் குழியில் கட்டி விழுந்து ஒரு நாற்று உயரமாகவும் பக்கத்து நாற்று குட்டையாகவும் வரும். இந்த நாலு பொருளில் நாற்றுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியது மண்புழு உரம் ஒன்றுதான். தொழு உரம் எவ்வளவு மக்கியிருந்தாலும் அதன் கட்டிகளும் களை விதையும் 98 குழித் தட்டுக்குச் சரிப்படாது.

மண்புழு உரம் வாங்க வசதியில்லை என்றால் செம்மண் 2 பங்கு, நார்க்கழிவு 1 பங்கு, ஒரு வருடம் மக்கிய தொழு உரம் 2 பங்கு. இதிலும் காய் வரும். பை கனமாக இருக்கும், செடி பத்து நாள் பிந்திப் பிடிக்கும், களை பிடுங்க வேண்டியிருக்கும். விலை வித்தியாசத்தைப் பார்த்தால் ஐம்பது பைக்கு மேல் வைப்பவர்களுக்கு இது தப்பான முடிவு இல்லை.

எருவோடு கூட வருபவை

ஒப்பிடும்போது சத்தை மட்டும் பார்க்கிறோம், கூடவே மூட்டையில் என்ன வருகிறது என்று பார்ப்பதில்லை.

ஆட்டெருவில் வருவது வேலிக்கருவை, அதாவது சீமைக்கருவேலம். ஆடு நெற்றைத் தின்று விதையை அப்படியே புழுக்கையில் போட்டுவிடும். குடலில் ஊறி வந்த விதை மண்ணில் விழுந்ததும் சுலபமாக முளைக்கும். தென் மாவட்டங்களில் மேய்ந்த ஆட்டின் எருவைப் போட்ட தொட்டியில் இரண்டாவது வாரம் வரிசையாக முளைப்பது அதுதான். பையில் பார்த்த அன்றே பிடுங்கிவிடலாம். நிலத்தில் ஒரு மழைக்கு விட்டால் ஆணிவேர் இறங்கிவிடும்.

புழுக்கைக்கு இன்னொரு குணம் உண்டு. மேல் தோல் காய்ந்து இறுகிவிட்டால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். மூன்று மாதம் கழித்துப் பையைக் கிளறினாலும் புழுக்கை முழுசாக இருக்கும், உள்ளிருக்கும் சத்து செடிக்குப் போயிருக்காது. புதுப் புழுக்கையை மொத்தமாகப் புதைத்தாலோ சூடாகி வேரைத் தீய்க்கும். கையால் நசுக்கி அல்லது தட்டித் தூளாக்கி, ஈரமாக்கி, இரண்டு மாதம் மக்கவைத்து, பைக்கு 200 கிராமுக்கு மேல் போகாமல் மேல்மண்ணில் கலப்பதே வழி. நிலத்தில் கிடை போடுவது, அதாவது ஆட்டு மந்தையை இரவில் வயலில் அடைத்து வைப்பது, வேறு விஷயம். அங்கே புழுக்கையோடு மூத்திரமும் விழுகிறது, உழவில் பரவுகிறது, நடவுக்கு முன் நாள் இருக்கிறது. ஏக்கர் கணக்கில் யோசிப்பவர்களுக்குக் கிடையைவிட நல்ல பேரம் அரிது.

தொழு உரத்தில் வருவது வெள்ளைப் புழு. ஆங்கிலச் 'சி' எழுத்துப்போல வளைந்து, பழுப்புத் தலையோடு, சில சமயம் கட்டைவிரல் தடிமனில் இருக்கும். பெரியது பெரும்பாலும் காண்டாமிருக வண்டின் புழு. அது மக்கும் பொருளைத் தின்று வளர்ந்து, வண்டானதும் தென்னங்குருத்தைத் துளைக்கப் போகும். வீட்டில் நாலு தென்னை இருந்தால் எருக்குழியே அதற்குப் பிரசவ வார்டு. சிறியதில் வேரையே தின்னும் வேர்ப்புழு கலந்திருக்கும், நேற்று நன்றாக நின்ற செடி இன்று தொட்டதும் கையோடு வரும். எருவைத் தார்ப்பாயில் மெல்லியதாகப் பரப்பி ஒரு மணி நேரம் விடுங்கள், கோழியும் மைனாவும் வந்து பொறுக்கிவிடும். மிச்சத்தைக் கையால் பொறுக்கி அழிக்க வேண்டும்.

மண்புழு உரமும் இதில் சுத்தம் இல்லை. சூடேறி மக்கும் குவியல் உள்ளே 55 டிகிரிக்கு மேல் போகும், களை விதையும் நோய்க்கிருமியும் பெரும்பாலும் செத்துவிடும். புழுப் படுக்கை 35 டிகிரியைத் தாண்டக்கூடாது என்பதால் விதை சாகாது. சமையலறைக் கழிவில் செய்த உரத்தில் தக்காளியும் பூசணியும் தானாக முளைப்பது இதனால்தான். நோயில் பட்டுப்போன தக்காளிச் செடியைப் புழுத்தொட்டியில் போடாதீர்கள், அடுத்த வருடப் பையில் அதே நோயை நட்டுவைத்த மாதிரி ஆகும்.

புண்ணாக்கில் வருவது எலியும் எறும்பும். தூளாக மேலே தூவினால் மறுநாளே வெள்ளைப் பூஞ்சணம் போர்த்தி ஈ மொய்க்கும். கரைத்து ஊற்றுவதே மேல். 100 கிராம் கடலைப் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, தினமும் ஒருமுறை கலக்கி, பிறகு 10 லிட்டராக்கி, பைக்கு ஒரு லிட்டர் வீதம் பத்துப் பைக்கு வாரம் ஒருமுறை. செடி ஒன்றுக்கு வாரம் 10 கிராம் புண்ணாக்கு, அதாவது முக்கால் கிராமுக்குச் சற்றுக் குறைவாகத் தழைச்சத்து. பூ வைக்க ஆரம்பித்த நாளிலிருந்து பத்து வாரம் இப்படிக் கொடுத்தால் ஒரு தக்காளிச் செடிக்குத் தெம்பாக இருக்கும். ஐந்து நாளுக்கு மேல் ஊறவிட்டால் தெருவே மூக்கைப் பிடிக்கும். அளவுக்கு மீறினால் இலை கரும்பச்சையாகத் தழைத்து, பூ குறைந்து, அசுவினிப் பூச்சி வந்து சேரும்.

கோழி எருவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாடிக்கு வேண்டாம். நிலத்துக்கென்றால் நார்க்கழிவோ வைக்கோலோ சேர்த்து மக்கவைத்த பிறகு போடலாம்.

செடியைப் பார்த்து முடிவு

கீரைப் பாத்திக்கு மண்புழு உரம் சதுர மீட்டருக்கு ஒரு கிலோ, மேல் இரண்டு அங்குலத்தில் கலந்து விதைத்தால் போதும். சிறுகீரை 25 நாளில் கைக்கு வந்துவிடும், அந்தக் குறுகிய காலத்துக்குள் கிடைக்கும் சத்துதான் அதற்கு உதவும். மெதுவாக மக்கும் எரு அதற்குப் பிந்திய விருந்து.

மல்லிகைக்கு நவம்பர் கடைசியில் கவாத்து செய்ததும் செடிக்கு 10 கிலோ தொழு உரம் என்பது பரிந்துரை. அந்த 10 கிலோவை மண்புழு உரமாக வாங்கிப் போட வேண்டியதில்லை. கறிவேப்பிலைக்கும் அதே கதை, வருடம் 20 கிலோ தொழு உரம். தென்னைக்கு மரத்துக்கு 50 கிலோ தொழு உரத்தை மரத்தடியிலிருந்து ஆறடி தூரம்வரை எடுத்த வட்டப் பாத்தியில் போடுவது வழக்கம். இவையெல்லாம் வருடக்கணக்கில் வேர் பரப்பி நிற்கும் மரமும் செடியும். அவற்றுக்கு வேண்டியது நிறைய எரு. எருவை மேலே போட்டு, அதன் மேல் காய்ந்த இலைதழையால் மூடாக்குப் போட்டு ஈரம் காத்தால், அந்த மண்ணிலேயே இருக்கும் நாட்டுப் புழு எருவை எச்சமாக்கிக் கொடுத்துவிடும். மழைக்குப் பின் விடிகாலையில் தென்னையடியில் புழு எச்சம் கோபுரம் கோபுரமாக நிற்கிறதே, அது கூலி கேட்காமல் செய்த மண்புழு உரம். புழு மண்ணைப் புரட்டுவதைப் பற்றி டார்வின் 1881இல் தனியாக ஒரு நூலே எழுதும் அளவுக்கு இது கனமான விஷயம்.

நெல் வயலுக்கு மண்புழு உரம் என்று கேட்பவர்களிடம் வேண்டாம் என்றே சொல்ல வேண்டும். ஏக்கருக்கு 2 டன் என்ற கணக்கில் வாங்கிச் சேற்றில் போட்டால் குருணையும் காற்றோட்டமும் சேற்றோடு கரைந்துபோகும், நின்ற தண்ணீரில் நைட்ரேட்டும் தங்காது. அந்தக் காசில் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டின் விதை வாங்கி விதைத்து, 45ஆம் நாள் மடக்கி உழலாம்.

தொட்டி ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் மாதம் ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம், சுமார் 100 கிராம். மேலே தூவிவிட்டுப் போகாதீர்கள். வெயிலில் காய்ந்த மண்புழு உரம் கறுப்புப் பொருக்காக இறுகும். தண்ணீர் ஊற்றினால் பொருக்கின் மேல் ஓடி விளிம்பு வழியாக இறங்கிவிடும். சிறு களைக்கொத்தால் ஒரு அங்குலம் கீறிக் கலந்து, மேலே காய்ந்த இலையைப் பரப்புங்கள்.

வாங்குவதா, செய்வதா?

பத்துப் பை வைத்திருப்பவர்கள் வாங்குவதே சரி. வருடத்துக்கு 40 கிலோ போதும், அதற்காகப் புழு வளர்க்கும் பாடு வேண்டாம். தினமும் அரை கிலோவுக்கு மேல் காய்கறிக் கழிவு சேரும் வீடு, நிழலான மூலை, வாரம் இரண்டு முறை கை வைத்துப் பார்க்கும் பொறுமை, இந்த மூன்றும் இருந்தால் செய்யலாம். மாடு இருந்தால் யோசிக்கவே வேண்டாம், செய்துவிடுங்கள்.

வாங்கும்போது பை மேல் அச்சிட்டிருப்பதைவிடக் கையே சிறந்த சோதனை. ஒரு லிட்டர் படியில் தட்டாமல் நிரப்பி எடை போடுங்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஈரம் 15 முதல் 25 சதவீதம், லிட்டர் எடை 700 முதல் 900 கிராம். ஒரு கிலோவைத் தாண்டினால் ஒன்று மணல், இல்லாவிட்டால் தண்ணீர். ஒரு கைப்பிடியை இறுக்கிப் பிடியுங்கள். கொழுக்கட்டையாக நின்று, விரலால் தட்டினால் உதிர வேண்டும். விரலிடுக்கில் பிசுபிசுத்தால் புழு இன்னும் தின்று முடிக்கவில்லை. கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் இரண்டு கரண்டி போட்டுக் கலக்கிவிடுங்கள், ஐந்து நிமிடத்தில் அடியில் மணல் தனியாகத் தெரியும். வாசம் புதுமழை பட்ட மண்போல இருக்க வேண்டும். மூக்கில் சுருக்கென்று ஏறினால் அம்மோனியா, நாற்றுக்கு ஆகாது. மூட்டைக்குள் கைவிட்டால் சூடு தெரிந்தாலும் அதே தீர்ப்பு. மாவாகக் காய்ந்து பறப்பதையும் வாங்காதீர்கள், நுண்ணுயிர் பெரும்பாலும் போயிருக்கும், தண்ணீரும் சீக்கிரம் பிடிக்காது.

சந்தேகம் தீரவில்லை என்றால் முள்ளங்கி விதையிடம் கேளுங்கள். ஒரு கிண்ணத்தில் வெறும் நார்க்கழிவு, இன்னொன்றில் நார்க்கழிவு 3 பங்கோடு வாங்கிய உரம் 1 பங்கு, ஒவ்வொன்றிலும் பத்து விதை. ஐந்தாறு நாளில் உரம் கலந்த கிண்ணம் பிந்தினால் அந்தச் சரக்கை இரண்டு மாதம் ஈரச்சாக்கில் முதிரவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

செய்வதென்றால், நிலத்தில் பரவலாக இருப்பது 12 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி உயரமுள்ள தார்ப்பாய்ப் படுக்கை. அடியில் மூன்று அங்குலம் தேங்காய் மட்டை, மட்டையின் குழிவு மேல்நோக்கி. அதன் மேல் ஒன்றரை அடிக்குப் பாதி மக்கிய சாணமும் இலைதழையும், எடையில் பாதிக்குப் பாதி. இதற்கு ஏறத்தாழ ஒரு டன் பொருள் பிடிக்கும். புழு 3 கிலோ. மேலே ஈரச்சாக்கு. ஒரு கைப்பிடியை அழுத்திப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் வரும் ஈரத்தில் வைத்திருந்தால் 60 முதல் 75 நாளில் 400 முதல் 500 கிலோ கிடைக்கும். எடுக்க ஐந்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள், புழு ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும், மேல் உரத்தை வழித்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு 40 லிட்டர் டப்பா போதும். அடியிலும் பக்கத்திலும் துளை, இரண்டு அங்குலம் நார்க்கழிவு, நாலு அங்குலம் ஆறிய சாணம், கால் கிலோ புழு. முதல் மாதம் நாளுக்கு ஒரு கைப்பிடி கழிவுதான். ஒவ்வொரு முறையும் அதே அளவு காய்ந்த இலையோ கிழித்த அட்டையோ சேர்க்க வேண்டும். எலுமிச்சைத் தோல், ஊறுகாய், சாம்பார் மிச்சம், எண்ணெய், மீன் முள் இவற்றுக்கு இடமில்லை. உப்பும் புளிப்பும் புழுவின் தோலைச் சுடும், அது தோலால் மூச்சுவிடும் உயிர்.

சந்தையில் பெரும்பாலும் விற்பது ஆப்பிரிக்கப் புழு எனப்படும் யூட்ரிலஸ், சிவப்பு வரியுள்ள ஐசீனியா. நம் ஊர் இனமான பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் நன்றாகத் தின்னும், ஆனால் மழை இரவில் கூட்டமாக வெளியேறும் குணம் அதற்கு உண்டு. இந்த மூன்றும் மக்கும் பொருளில் வாழ்பவை. இவற்றை நூறு ரூபாய்க்கு வாங்கிச் செம்மண் பையில் விட்டால் தின்ன ஒன்றுமில்லாமல் சாகும் அல்லது ஓடும். மண்ணைத் துளைத்து வாழும் லாம்பிட்டோ மாரிட்டி போன்றவை வேறு சாதி.

புழு சாவதற்குக் காரணம் நாலைந்துதான். முதல் காரணம் பச்சைச் சாணம். மக்கும்போது சூடும் வாயுவும் கிளம்பும், பதினைந்து நாள் ஆறவிட்டுத்தான் புழு விட வேண்டும். இரண்டாவது, மாட்டுக்குக் குடற்புழு மருந்து கொடுத்த உடனே வந்த சாணம். அந்த மருந்துக்கு எந்தப் புழு என்று பேதம் தெரியாது, மூன்று வாரச் சாணத்தைத் தனிக் குவியலில் போடுங்கள். மூன்றாவது, வடிகால் அடைத்துத் தண்ணீர் தேங்குவது. நாலாவது எறும்பு. டப்பாவின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் தீர்ந்தது, எறும்புப் பொடி போடாதீர்கள். புழு மொத்தமாகச் சுவரேறினால் உள்ளே ஏதோ புளித்திருக்கிறது, அன்றைக்கே கிளறிக் காய்ந்த அட்டை சேர்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய எதிரி சித்திரை, வைகாசி வெயில். மொட்டை மாடித் தளத்தில் வைத்த டப்பா பிற்பகலில் 40 டிகிரியைத் தாண்டிவிடும், ஒரே நாளில் மொத்தப் புழுவும் கரைந்து நாற்றமடிக்கும். படிக்கட்டுக்கு அடியிலோ தண்ணீர்த் தொட்டியின் வடக்கு நிழலிலோ வைத்து, செங்கல் மேல் தூக்கி, ஈரச்சாக்குச் சுற்றுங்கள். அப்படி ஒரு இடம் வீட்டில் இல்லை என்றால் வாங்குவதே உங்களுக்கான முடிவு.

திரவமா, குருணையா?

டப்பாவின் அடியில் வடியும் பழுப்புத் தண்ணீரை மண்புழுக் குளியல் நீர் என்று சொல்லி இலையில் அடிக்கிறார்கள். அது மக்காத கழிவின் ஊறல், பல சமயம் காற்றில்லாமல் கெட்டது. மரத்தடிக்கு ஊற்றலாம், கீரை மேல் அடிக்கக் கூடாது. மண் உயிரியலாளர் சுல்தான் அகமது இஸ்மாயில் பரப்பிய முறை வேறு. பீப்பாயில் செங்கல் ஜல்லி, மணல், புழு வாழும் மண், மேலே சாணமும் வைக்கோலும் அடுக்கி, புழு மண்ணில் வளை போட்டுப் பழகிய பின், தொங்கும் பானையிலிருந்து இரவு முழுக்கச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, காலையில் கீழ்க் குழாயில் பிடிப்பது. தேன் நிறத்தில், வாசமில்லாமல் இருக்கும். பத்து மடங்கு தண்ணீர் சேர்த்துச் சாயங்காலம் தெளிக்கலாம்.

பீப்பாய் வைக்க முடியாதவர்கள் ஒரு கிலோ மண்புழு உரத்தைத் துணியில் கட்டி 10 லிட்டர் தண்ணீரில் ஒரு நாள் ஊறவிட்டு, இடையிடையே கலக்கி, அன்றே வேருக்கு ஊற்றிவிடலாம். இரண்டு நாள் மூடி வைத்தால் கெட்டுவிடும். எதுவானாலும் திரவம் பையில் இருக்கும் மண்ணைச் சீர்படுத்தாது. கலவையில் 20 சதவீதம் போட்டவர்களுக்கு இது கூடுதல் சுகம், போடாதவர்களுக்கு மாற்று ஆகாது.

டப்பா தொடங்க நல்ல நேரம் ஆவணி. வெயில் தணிந்திருக்கும், முதல் உரம் ஐப்பசி கடைசியில் கைக்கு வரும். ஆனால் அப்போது வடகிழக்குப் பருவமழை. அந்த மழையில் பையில் போட்டால் கரைந்த நைட்ரேட் எல்லாம் மாடிக் குழாய் வழியாகத் தெருவுக்குப் போகும். சலித்துச் சணல் சாக்கில் கட்டி, காற்றோட்டமான நிழலில் பலகை மேல் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் உள்ளே புழுங்கிக் கெடும். பத்து நாளுக்கு ஒருமுறை கைவிட்டுப் பார்த்து, உதிர்ந்து பறக்கிற மாதிரி இருந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டால் தைப்பட்டத்து நாற்றுக்குக் கெடாமல் நிற்கும்.